பேஸைத் திரும்பக் கையில் எடுக்கிறவங்களுக்கு: கேள்வி பதில்

மட்டக்களப்பில பேஸ் கிற்றார் வாசிக்கிறதும், கிற்றார், அம்ப் (சத்தத்தைக் கூட்டுற பெட்டி) திருத்துறதும் என்ட வேலை. 1990ல விட்டுட்டு 2002ல திரும்பத் தொட்டவன். அப்ப கையில இருந்த காசு முழுக்கக் குடுத்து ஒரு புது பேஸ் வாங்கினன். அம்ப் வாங்கக் காசு மிஞ்சல்ல. வீட்டுல கிடந்த பழைய பேஸுக்குக் கம்பியும், சத்தம் கூட்டிக் குறைக்கிற பொட் ஒண்டும் மாத்தியிருந்தாலே போதும் எண்டு பிறகுதான் விளங்கினது. நீங்க அந்தப் பிழையை விடக் கூடாது எண்டுதான் இண்டைக்குக் கேளுங்க எண்டு சொன்னன்.

கல்லடி, 61 வயது: 1989 வரைக்கும் வாசிச்சனான். பேஸ் அலுமாரிக்கு மேல கிடக்கு, கம்பி எல்லாம் துரு. இப்ப பென்சன். இதை வித்துட்டு நல்லதொண்டு வாங்கவா?

விக்காதீங்க அண்ணன். கல்லடியில ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. அந்தக் காத்துக்கு முதல்ல போறது கம்பியும் திருகாணியும். மரம் அவ்வளவு கெதியாப் போகாது.

முதல் வேலையா பழைய கம்பியைக் கழட்டுங்க. பேஸைத் தூக்கித் தலைப்பக்கம் கண்ணை வச்சு, நெக் (கழுத்து) வழியா உடம்புப் பக்கம் பாருங்க. வில்லு மாதிரி வளைஞ்சிருந்தாப் பயமில்லை, நெக்குக்குள்ள இருக்கிற ட்ரஸ் ரொட் எண்ட இரும்புத் தண்டு அதுக்குத்தான் இருக்கு. ஒரு ஓரம் மேலயும் மற்ற ஓரம் கீழயுமா முறுகியிருந்தா மட்டும் அந்த பேஸைக் கைவிட்டுடலாம்.

பிறகு புதுக் கம்பி போடுங்க. பக்கெட்டில 45 முதல் 105 எண்டு போட்டிருக்கும், அதுதான் வழமையான தடிப்பு. விரல் பழகும் வரைக்கும் 40 முதல் 100 செட் போட்டாலும் நல்லம். சுருதி சேர்த்துட்டு, ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலயும் (நெக்கில குறுக்கா பதிச்சிருக்கிற உலோகக் கோடு) உடம்போட நெக் சேர்ற இடத்திலயும் அமத்திப் பிடிங்க. நடுவுல, ஏழாம் எட்டாம் ஃபிரெட் பக்கத்தில, ஒரு விசிட்டிங் கார்ட் போற இடைவெளி இருக்க வேணும். கூடவா இருந்தா ட்ரஸ் ரொட்டை இறுக்க வேணும், இடைவெளியே இல்லையெண்டாத் தளர்த்த வேணும். அலன் கீயைக் கால் சுத்துக்கு மேல ஒரே நாளில திருப்பாதீங்க. ஒரு நாள் விட்டுப் பாருங்க, மரம் மெதுவாத்தான் அசையும். இறுகிக் கிடந்தா வலுக்கட்டாயப்படுத்தாம ஒரு திருத்துறவர்ட்டக் குடுங்க. ரொட் முறிஞ்சா நெக்கே போச்சு. கடைசியா 12ஆம் ஃபிரெட்டுக்கு மேல கம்பி இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் உயரத்தில நிக்கிற மாதிரி, உடம்பில கம்பியைத் தாங்கிற பிரிட்ஜில சரி செய்ங்க.

பொட் திருப்பும்போது கரகரக்கும். கொன்டக்ட் கிளீனர் கொஞ்சம் அடிச்சு இருபது தரம் அங்கால இங்கால திருப்புங்க. ஜாக்கில வயர் கழண்டிருந்தா ஈயம் வச்சா முடிஞ்சுது.

இவ்வளவும் செய்து ஒரு மாசம் வாசிச்சுட்டு என்னட்டத் திரும்பக் கேளுங்க.

ஆரையம்பதி: நல்ல பேஸ் என்ன விலை வரும்?

விலை மாசத்துக்கு மாசம் மாறுது. கடையில கேளுங்க.

கல்முனை, ஆசிரியை: ஸ்கூல் காலத்தில வாசிச்சனான். எனக்குக் கை சின்னன். அண்ணன், பெரிய பேஸ் எனக்குச் சரிவருமா?

தங்கச்சி, உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு அளவு. முதலாவது நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி ஏறி நிக்கிற கட்டை) பிரிட்ஜ் வரைக்கும் கம்பியின்ட நீளம். லியோ ஃபெண்டர் 1951ல பிரெசிஷன் பேஸைக் கொண்டு வந்த நேரம் அதை 34 அங்குலமா வச்சார். இண்டைக்கும் பெரும்பாலான பேஸ் அந்த நீளம்தான். குட்டைப் பேஸ் 30 அங்குலம். போல் மெக்கார்ட்னி கையில பாத்திருப்பீங்களே, வயலின் மாதிரி ஹொஃப்னர், அது அந்த வகை. 4 அங்குலம் குறைஞ்சா முதல் ஃபிரெட் எட்டுறதுக்குக் கை நீட்டுற தூரமும் குறையும், விரல் விரிக்கிறதும் குறையும். ஆனா ஆகத் தடிச்ச ஈ கம்பி கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும், சத்தம் உருண்டையா வரும்.

இரண்டாவது நட்டின்ட அகலம். 1960ல வந்த ஜாஸ் பேஸுக்கு அது 38 மில்லிமீற்றர், பிரெசிஷனுக்கு 41க்கு மேல. சின்னக் கைக்கு இந்த மூண்டு மில்லிமீற்றர் பெரிய வித்தியாசம். நீளமான பேஸே வேணுமெண்டா ஜாஸ் நெக்கைப் பிடிச்சுப் பாத்துட்டு முடிவெடுங்க.

அதோட பாரத்தையும் பாருங்க. நாலரைக் கிலோவுக்கு மேலப் போனா, ஒரு மணித்தியாலம் நிண்டு வாசிச்சாத் தோள் சொல்லும். அகலமான பட்டி போடுங்க. கடையில குந்தியிருந்து பாக்காதீங்க, தோளில மாட்டி நிண்டு பாருங்க. சில பேஸ் கையை விட்டதும் தலைப்பக்கம் கீழ விழும், அதை வாங்கினா இடது கை முழுநேரமும் அதைத் தாங்கிட்டே இருக்கும்.

ஏறாவூர்: சேர், நானாட கிற்றார் அம்ப் வீட்டுல இருக்கு. பேஸைக் குத்தி வாசிக்கலாமா?

மெல்லிய சத்தத்தில, அறைக்குள்ள, வாசிக்கலாம் தம்பி. சத்தத்தைக் கூட்டினா ஸ்பீக்கர் போகும். கீழ்ச் சுரத்துக்கு ஸ்பீக்கர்ட கடதாசிக் கூம்பு நிறையத் தூரம் முன்னுக்குப் பின்னுக்கு ஓட வேணும். கிற்றார் ஸ்பீக்கர் அந்த ஓட்டத்துக்குச் செய்ததில்லை. நானாட்டத் திருப்பிக் குடுக்கிற சாமானைக் கிழிச்சுப்போட்டுக் குடுக்காதீங்க.

வாழைச்சேனை: எத்தனை வோட் அம்ப் வாங்கிறது?

எல்லாரும் இந்த நம்பரைத்தான் முதல்ல கேக்கிறீங்க. 100 வோட்டிலிருந்து 200 வோட்டுக்குப் போனா சத்தம் இரண்டு மடங்காகும் எண்டு நினைக்கிறீங்க. கூடுறது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கா விளங்க வேணுமெண்டா வோட் பத்து மடங்கு வேணும். அதால வோட்டை மட்டும் பாக்காம ஸ்பீக்கர் எத்தனை, என்ன அளவு எண்டும் பாருங்க. அதே ஹெட்டுக்கு (ஸ்பீக்கர் இல்லாத அம்ப்) இரண்டு நல்ல ஸ்பீக்கர் பொக்ஸ் வச்சா வர்ற சத்தம், ஒரு சின்ன பொக்ஸோட வராது.

வீட்டுக்கு 15, 30 வோட் தாராளம். ட்ரம்ஸ் இல்லாத குழுவுக்கோ கோயில் பாட்டுக்கோ 100 வோட். ட்ரம்ஸோட எண்டா 200, 300. கடற்கரையில, பாசிக்குடாப் பக்கம் திறந்த வெளியில வாசிக்கிறதெண்டா நிலைமை வேற. மண்டபத்தில சுவரும் மூலையும் பேஸைத் திருப்பித் தரும், வெளியில அது கடலோட போயிடும். அங்க அம்பை நம்பாம மிக்சருக்கு ஒரு வயர் எடுத்து பெரிய ஸ்பீக்கரில விடுங்க. வீட்டுல உங்கட சின்ன அம்பை மூலையில வச்சுப் பாருங்க, ஒரு சதமும் செலவில்லாம பேஸ் கூடும்.

ஹெட்டும் பொக்ஸும் தனித்தனியா வாங்கிறவங்க பின்பக்கத்தில போட்டிருக்கிற ஓம்ஸ் (மின் தடை) அளவைப் பாருங்க. 8 ஓம்ஸ் பொக்ஸ் இரண்டு சேர்த்தா 4 ஓம்ஸ் ஆகும். ஹெட் தாங்கிற அளவுக்குக் கீழப் போகாதீங்க.

இன்னொண்டு. எந்த அம்ப் எண்டாலும், குத்துறதுக்கு முதல் அந்த பிளக்குக்கு எர்த் இருக்கா எண்டு பாருங்க. கீழ இன்னும் சொல்வன்.

அக்கரைப்பற்று: ஜப்பானில இருந்து மச்சான் பாவிச்ச அம்ப் ஒண்டு அனுப்புறார். நேரே குத்தலாமா?

குத்தாதீங்க. அங்க 100 வோல்ட், இங்க 230. பின்பக்கத்தை வாசியுங்க. 100 முதல் 240 எண்டு போட்டிருந்தா பிளக்கை மட்டும் மாத்தினாப் போதும். 100 மட்டும் எண்டா இறக்குற ட்ரான்ஸ்போமர் வேணும், அம்ப் எடுக்கிற வோட்டைப்போல ஒண்டரை மடங்காவது தாங்கிறதா இருக்க வேணும். அங்க இருந்து வர்ற நிறையச் சாமானுக்கு இரண்டு முள்ளு பிளக்தான், எர்த் வயரே இராது. ஒரு மின்காரர்ட்டக் குடுத்துச் சரி பாக்காம அதைப் பாவிக்காதீங்க.

செங்கலடி: கிற்றார் அம்பில பேஸ் போடலாமா?

ஏறாவூர்த் தம்பிக்குச் சொன்னதுதான்.

களுவாஞ்சிக்குடி, ஓகன் வாசிக்கிறவர்: கேக்கிறனெண்டு கோவிக்காதீங்க. இப்ப கல்யாண வீட்டில ஓகன் ஒண்டும் பாட்டுக்காரரும்தான். இடது கையில பேஸ், இல்லாட்டி ஸ்டைல் பட்டனை அமத்தினா அதுவே பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் போகுது. பேஸ்காரருக்கு ஒரு பங்கு குடுக்கிறதெதுக்கு?

கோவம் வருது தம்பி, மறைக்கல்ல.

பைலாவை எடுங்க. ஆறு தட்டு. அதை மூண்டு மூண்டா இரண்டு பிரிவாவும் கேக்கலாம், இரண்டு இரண்டா மூண்டு பிரிவாவும் கேக்கலாம். இந்த இரண்டும் ஒண்டையொண்டு இழுக்கிறதிலதான் காலுக்கு ஆட்டம் வருது. எங்கட பறங்கியர் கல்யாண வீட்டுக் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்திலயும் அதே ஆறுதான். எந்தப் பக்கம் இழுக்கிறது எண்டு அந்த நேரத்தில முடிவெடுக்கிறவர் பேஸ்காரர். ஆடுறவங்களைப் பாத்து முடிவெடுப்பார். பட்டன் ஆரையும் பாக்காது.

புளியந்தீவு: சரியாச் சொன்னீங்க. ஸ்டைல் போட்ட பைலா எல்லாம் ஒரே பாட்டு மாதிரித்தான் கேக்குது.

களுவாஞ்சிக்குடி: நான் பட்டன் அமத்திறவன் இல்லை, கையாலதான் வாசிக்கிறன். அதோட, கல்யாண வீட்டுக்காரர் தர்ற காசு இரண்டு பேருக்குத்தான் காணும். நாலு பேருக்கு ஆர் குடுக்கிற?

காசுக் கதையில நீங்க சொல்றது நியாயம், அதை ஏற்றுக்கொள்றன். இடது கையால சுத்தமாப் பேஸ் வாசிக்கிறதும் வித்தைதான், அப்படி வாசிக்கிறவர்ட இடது கையைப் பாத்து நானே படிச்சிருக்கன். ஆனா ஒரு விசயம். கம்பியைத் தட்டினாச் சுரம் தொடங்கும், உள்ளங்கையை வச்சா நிக்கும். எப்ப நிப்பாட்டுறது எண்டதிலதான் பேஸ் இருக்கு. ட்ரம்ஸ்காரர்ட காலோட சேர்ந்து தொடங்கி, அவர்ட கை விழுற இடத்தில சத்தத்தை வெட்டினா மண்டபமே ஒரு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். உங்கட வலது கை மெட்டு வாசிக்க, மனசும் அங்க இருக்கும். இடது கை சுரத்தைத் தொடும், ஆனா விடுற நேரத்தைக் கவனிக்க ஆளில்லை.

அக்கரைப்பற்று, ட்ரம்ஸ்: நான் இரண்டு பேரோடயும் வாசிச்சிருக்கன். ஓகன் பேஸோட எனக்கு வேலை லேசு. பேஸ்காரரோட வாசிச்சா வேலை கூட, ஆனா வீட்டுக்குப் போனாப் பிறகும் காதுக்குள்ள ஓடும்.

களுவாஞ்சிக்குடி: எங்கட ஊர்ல பேஸ்காரர் இருந்தா நானே கூப்பிடுவன். ஆள் இல்லையே.

பாருங்க, இதுதான் உண்மையான கதை. ஆள் இல்லாமத்தான் பட்டன் வந்தது. இண்டைக்குக் கேக்கிற நீங்க எல்லாரும் ஒரு காலத்தில வாசிச்சவங்க. தம்பி, கல்முனைத் தங்கச்சியும் கல்லடி அண்ணனும் ஆயத்தமானதும் ஒரு கல்யாண வீட்டுக்கு அவங்களைக் கூப்பிட்டுப் பாருங்க.

வாழைச்சேனை: 4 கம்பியா 5 கம்பியா?

4. அஞ்சாவது கம்பி 31 ஹேர்ட்ஸ்ல நிக்குது, அவ்வளவு கீழ்ச் சுரம், சின்ன அம்ப் அதைத் தெளிவாத் தராது.

காத்தான்குடி: பற்றரி போடுற பேஸ் வாங்கினன், இரண்டு கிழமையில பற்றரி செத்துப்போகுது. பேஸ் பிழையா?

பேஸில பிழையில்லை. கேபிளைக் குத்தி விட்டீங்கண்டா 9 வோல்ட் பற்றரி ஓடிக்கிட்டே இருக்கும். வாசிச்சு முடிஞ்சதும் கழட்டுங்க.

ஆரையம்பதி: விலை சொல்லல்லையே?

சொல்ல மாட்டன். பாவிச்ச பேஸ் பாக்கப் போனா ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃபிரெட்டா அமத்தி வாசிச்சுப் பாருங்க. ஒலிக்காமச் செத்துப்போற சுரம் இருந்தா விலையைக் கேக்காமத் திரும்பி வந்துடுங்க.

பெரிய கல்லாறு: இருபது வருசத்துக்குப் பிறகு எடுத்தன். மூண்டு நாள் இரண்டு இரண்டு மணித்தியாலம் வாசிச்சன். விரல் கொப்பளிச்சு, மணிக்கட்டும் வலிக்குது.

உடனே நிப்பாட்டுங்க. கொப்பளம் காய்ஞ்சு தோல் தடிக்கும், அதுக்குக் கவலை வேணாம். மணிக்கட்டு வலிதான் என்னை யோசிக்க வைக்குது. வலி முழுக்கப் போகும் வரைக்கும் தொடாதீங்க. பிறகு ஒரு நாளைக்கு 15 நிமிசம், அடுத்த கிழமை 20. இடது பெருவிரலால நெக்கை நசுக்காதீங்க, அது சும்மா தாங்கிக்கிட்டு இருந்தாப் போதும். வலது மணிக்கட்டு நேரா இருக்க வேணும். பட்டியை உயர்த்தினா இரண்டு கையும் நேராகும், இடுப்புக்குக் கீழ தொங்க விட்டா மடியும். அம்பைக் கொஞ்சம் கூட்டுங்க, மெதுவாத் தட்டலாம். சத்தம் கேக்காம விரலால அடிக்கிறவங்களுக்குத்தான் இந்த வலி கூட வர்றது. விரல் மரத்துப்போனாலோ இரவில வலிச்சாலோ வைத்தியரிட்டப் போங்க.

ஓட்டமாவடி: அம்பில இரைச்சல். கம்பியைத் தொட்டா நிக்குது. மைக்கில வாய் பட்டா சுள்ளெண்டு அடிக்குது.

கம்பியைத் தொட்டா இரைச்சல் நிக்கிறது வழமைதான். வாயில அடிக்கிறது வழமை இல்லை. இனி அந்த அம்பைக் குத்தவே வேணாம்.

பேஸ் கம்பி உங்கட அம்புட எர்த்தோட சேர்ந்தது, மைக் மிக்சர்ட எர்த்தோட சேர்ந்தது. இரண்டில ஒண்டுக்கு எர்த் இல்லாம கசிவிருந்தா, இரண்டையும் ஒண்டாத் தொடுற நீங்கதான் அந்த வயர். எனக்கு ஒரு மேடையில அப்படி அடிச்சு, கை கம்பியில ஒட்டிப் போச்சு. பக்கத்தில நிண்டவர் பிளக்கைப் பிடுங்கினபடியாத்தான் இண்டைக்கு எழுதிக்கொண்டிருக்கன். மழை பெய்ஞ்சு ஈரமான மேடை அது.

இரைச்சலைக் குறைக்க எர்த் முள்ளை வெட்டச் சொல்றவங்களை நம்பாதீங்க. மூண்டு முள்ளை இரண்டு முள்ளு அடப்டரில போட்டு ஓட்டாதீங்க. போற இடத்தில முதல் வேலையா ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சாத் தானா விழுறது) இருக்கா, அதில இருக்கிற பட்டனை அமத்தினா விழுதா எண்டு பாருங்க. அம்பையும் மிக்சரையும் ஒரே இடத்துக் கரண்டில எடுங்க. டெஸ்டரைக் கம்பியில வச்சுப் பாருங்க, எரிஞ்சா வாசிக்காதீங்க, ஆர் கூப்பிட்டாலும். எரியல்லை எண்டதுக்காக மட்டும் நம்பவும் வேணாம், வீட்டு எர்த்தை மின்காரர் அளந்து பாக்க வேணும்.

ஓந்தாச்சிமடம்: கிற்றார் அம்பில...

ஏறாவூர்.

கல்லடி: தம்பி, நீங்க எழுதிக்கொண்டிருக்கக்குள்ளயே இறக்கிப் பாத்தன். நெக் முறுகல்ல, ஒரு சின்ன வில்லு மட்டும். வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பட்டனை அமத்தினன், விழுந்துது. மகள் அடுத்த மாசம் கொழும்பில இருந்து வாறா. அம்ப் என்ன கொண்டு வரச் சொல்ல?

சந்தோசம் அண்ணன். 30 வோட் பேஸ் கொம்போ (அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில) ஒண்டு, ஹெட்போன் குத்துற ஓட்டை உள்ளதா. இரவில அயலுக்குக் கரைச்சல் இல்லாம வாசிக்கலாம். அதோட 45 முதல் 105 கம்பி இரண்டு செட் சொல்லுங்க. ஒண்டு போட, மற்றது கடல்காத்துக்கு.