காட்டாமணக்கும் அதன் உறவுச் செடிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வேலூர்ப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காட்டாமணக்கைப் பற்றியவை. ஒரே பெயரைச் சொல்லி வெவ்வேறு செடிகளைக் குறித்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதால், எந்தச் செடி என்பதை முதலில் பிரித்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஏரிக்குள் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. இதன் விதையை ஆட்டி எண்ணெய் எடுக்க முடியுமா? (காட்பாடி வாசகர்)

முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் இளஞ்சிவப்புப் புனல் பூவும் இதய வடிவ நீள் இலையும் நெய்வேலி காட்டாமணக்குக்கு உரியவை. பெயர்தான் காட்டாமணக்கே தவிர, அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனம்; ஆமணக்குக் குடும்பத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒடித்தால் பால் வருகிறதே என்று கேட்காதீர்கள், இரண்டிலும்தான் பால் வரும். எண்ணெய் தரும் காட்டாமணக்கின் இலை ஓரங்கள் மூன்று அல்லது ஐந்து மடல்களாக லேசாகப் பிரிந்திருக்கும். பூ பச்சையும் மஞ்சளுமாக, கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. ஏரிச் செடியை வெட்டி அங்கேயே போட்டால் துண்டு துண்டாக வேர்விட்டு மறுபடியும் தழைக்கும். வேரோடு பிடுங்கிக் கரையேற்றிக் காயவிட வேண்டும்.

அணைக்கட்டு அருகே எனக்கு 2 ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளது. காட்டாமணக்கு பயிரிட்டால் விதையைத் தாங்களே வாங்கிக்கொள்வதாக ஒரு தரகர் சொல்கிறார். இறங்கலாமா?

இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2003-இல் மத்தியத் திட்டக்குழு உயிரி டீசலுக்காக இச்செடியைப் பரிந்துரைத்தபோது, தண்ணீர் இல்லாத தரிசிலும் வளரும் என்ற ஒரு குணத்தை வைத்தே நாடெங்கும் நம்பிக்கை வளர்த்தார்கள். வளரும் என்பது உண்மை. ஆனால் உயிர் தாங்கி நிற்பது வேறு, காய்த்துக் கொடுப்பது வேறு என்பதை நட்டவர்கள் சில ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தார்கள். ஒரே பூங்கொத்தில் ஆண் பூக்கள் ஏராளமாகவும் பெண் பூக்கள் மிகச் சிலவாகவும் இருப்பது இச்செடியின் இயல்பு. தண்ணீரும் உரமும் குறைந்தால் அந்தச் சிலவும் சரியாகப் பிடிக்காது. பிடித்த காய்களும் ஒன்றாகப் பழுப்பதில்லை: ஒரு குலையில் பச்சை, மஞ்சள், கருப்பு மூன்றும் சேர்ந்தே தொங்கும் என்பதால், ஆளை வைத்துப் பலமுறை பறித்தாக வேண்டும். 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 செடிகள் நிற்கும். செடிக்கு அரைக் கிலோ விதை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 500 கிலோதான் தேறும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 3 முதல் 4 கிலோ விதை தேவை. பறிப்புக் கூலியை நீங்களே கழித்துப் பாருங்கள்.

2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு, இந்த எண்ணெயிலிருந்து பெற்ற எரிபொருளைக் கலந்து ஒரு பயணிகள் விமானம் பறந்தது. தரகர் அதையும் சொல்லியிருப்பார். எண்ணெய் நல்ல எண்ணெய் என்பதற்கு அது சான்று. உங்கள் நிலத்துக்குக் கட்டுப்படியாகும் என்பதற்குச் சான்று அல்ல. ஆடு கடிக்காது என்பதால் வரப்பில் வேலியாக வையுங்கள். நிலத்தில் என்ன போடுவது என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுச் சிறுவன் வேலியிலிருந்த காட்டாமணக்குக் கொட்டையை உடைத்துத் தின்று வாந்தி எடுத்தான். வீட்டில் என்ன செய்யலாம்? (குடியாத்தம் வாசகி)

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பருப்பு வேர்க்கடலை போல ருசிப்பதால்தான் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அதிலுள்ள நச்சுகளால் தொண்டை எரிச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். உடல் நீர் வற்றுவதே பெரிய ஆபத்து. தனி முறிமருந்து கிடையாது, நீரிழப்பை ஈடுகட்டுவதுதான் முக்கியச் சிகிச்சை. உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்ற கொட்டையில் மிச்சம் இருந்தால், ஓர் இலையோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ஜட்ரோபா என்ற பேரினப் பெயர்தான் காட்டாமணக்கின் அறிவியல் பெயரில் வருவது; அது மருத்துவர், உணவு என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. விதையைப் பொறுத்தவரை உணவு என்ற பாதியை மறந்துவிடுவது நல்லது.

எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை வேகவைத்து மாட்டுக்கு வைக்கலாமா?

கூடாது. வேகவைத்தால் குர்சின் என்ற நச்சுப் புரதம் கெடும். ஃபோர்பால் எஸ்டர் என்ற மற்றொரு நச்சு வெப்பத்துக்கு அசையாது. எருவாக நிலத்தில் போடலாம்.

தொட்டியில் வைத்த, அடி பருத்த ஜட்ரோபா மார்கழியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டது. செத்துவிட்டதா? (வாலாஜாபேட்டை வாசகி)

பருத்த அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உறங்குகிறது. கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். காட்டாமணக்கின் உறவான, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி அந்தத் தண்டில் நீரைச் சேமித்துக்கொண்டு, வறட்சியிலும் குளிரிலும் இலை உதிர்ப்பது வழக்கம். இலை இல்லாத நாட்களில் தண்ணீரை அநேகமாக நிறுத்திவிடுங்கள். இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீரால்தான் இது சாகிறது. வெயில் ஏறியதும் துளிர்க்கும். வேலூர் வெயிலை இச்செடியைப் போல விரும்பி ஏற்கும் ஆளை நான் பார்த்ததில்லை. காய் வெடித்து விதை தெறிக்கும் என்பதால், விதை வேண்டுமானால் முற்றிய காய்க்கு மெல்லிய துணி கட்டி வையுங்கள்.

மகனின் பள்ளிச் சட்டையில் காட்டாமணக்குப் பால் பட்டுப் பழுப்பாகிவிட்டது. எப்படிப் போக்குவது? (ஆற்காடு வாசகி)

இலைக்காம்பைப் பாதி ஒடித்து மெல்ல விலக்கினால் இடையில் பால் கண்ணாடித் தாள் போல விரியும். அதில் ஊதினால் வானவில் நிறத்தில் குமிழிகள் பறக்கும். பாலாற்றங்கரையில் நாங்களும் அதைச் செய்து அடி வாங்கியவர்கள்தான். ஈரமாக இருக்கும்போதே அலசியிருந்தால் ஓரளவு போயிருக்கும். காய்ந்து பழுப்பான கறை சோப்புக்கும் வெயிலுக்கும் போகாது. பால் கண்ணில் பட்டால் எரியும் என்பதை மகனுக்குச் சொல்லிவையுங்கள். அந்தச் சட்டையை இனி விளையாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.