ஜாம்னா திட்டறோம், காலி ரோடுன்னா முறுக்கறோம்

கேள்வி - பதில்

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ரோடு, ட்ராஃபிக், ஆக்ஸிடென்ட் பத்தியே இருந்துச்சு. அதனால சினிமா, அரசியல் கேள்விக்கெல்லாம் ஒரு வாரம் லீவு.

சோழிங்கநல்லூர் வாசகர்: ஓ.எம்.ஆர்ல தினமும் இதே கதை. சிக்னல் கிடையாது, ஆக்ஸிடென்ட் கிடையாது, ஆனா வண்டியெல்லாம் அப்படியே நின்னுடுது. பத்து நிமிஷம் ஊர்ந்து போனா திடீர்னு ரோடு காலி. நடுவுல என்னதான் சார் நடந்துச்சு?

ஒண்ணுமே நடக்கல, அதான் விஷயம். ஜப்பான்ல சுகியாமாங்கிற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் 230 மீட்டர் சுத்தளவு உள்ள ஒரு வட்டப் பாதைல 22 காரை இறக்கிவிட்டு, எல்லாரும் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துல சீரா போய்ட்டே இருங்கன்னு சொல்லிப் பாத்தாங்க, அந்தக் கட்டுரை 2008ல வந்துச்சு. குறுக்க மாடு இல்ல, ஷேர் ஆட்டோ இல்ல, போன் பேசிட்டே ரோடு கிராஸ் பண்றவர் இல்ல, இருந்தும் கொஞ்ச நேரத்துல ஒரு இடத்துல காருங்க மொத்தமா நின்னு நின்னு போக ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தர் லேசா வேகத்தைக் குறைப்பாரு, பின்னாடி வர்றவர் பதட்டத்துல கொஞ்சம் கூடுதலா பிரேக் அடிப்பாரு, அவருக்குப் பின்னாடி வர்றவர் அதைவிடக் கூடுதலா, இப்படியே போய் யாரோ ஒருத்தர் முழுசா நிப்பாட்டிடுவாரு. அந்த நெரிசல் அப்படியே பின்பக்கமா நகர்ந்து வரும், நீங்க போய் அதுல மாட்டும்போது முதல்ல பிரேக்கைத் தொட்டவர் வீட்டுக்கே போயிருப்பாரு.

நம்மூர்ல இதோட கூட, பஸ் ஸ்டாப்புல ஆட்டோ நிக்கறதால பஸ் ரெண்டாவது லேன்லயே நின்னு ஆள் ஏத்தும், யூ டர்ன் எடுக்கற கார் மூக்கை நீட்டிட்டு மூணு லேனையும் மறிக்கும். நீங்க பண்ணக்கூடியது ஒண்ணுதான், முன்னாடி வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல கேப் விடுங்க. கேப் விட்டா பைக்காரன் நுழைவானேம்பீங்க, நுழையட்டுமே.

விழுப்புரம் வாசகர்: எல்லா ஜங்ஷன்லயும் ஃப்ளைஓவர் கட்டிட்டா ட்ராஃபிக் பிரச்சனை தீர்ந்துடாதா?

தீராது. கத்திப்பாரா பாலம் 2008ல திறந்தாங்க, நல்ல பாலம்தான், இல்லேன்னு சொல்லல, ஆனா அதுல சர்ருனு ஏறி இறங்கற வண்டி அடுத்த சிக்னல்ல போய் நிக்குது பாருங்க. ரோடு அகலமானா, இவ்வளவு நாள் ட்ரெயின்ல போனவங்களும் கார் எடுப்பாங்க, கொஞ்ச வருஷத்துல பழைய நெரிசலே திரும்பி வந்துரும். 1968லயே டீட்ரிஷ் பிரேஸ்னு ஒரு ஜெர்மன் கணித மேதை, சில இடத்துல புதுசா ஒரு ரோடு போட்டாலே எல்லாருக்கும் பயண நேரம் கூடிரலாம்னு கணக்குப் போட்டுக் காட்டிட்டார். தென் கொரியாவுல சோல் நகரத்துக்காரங்க தலைகீழா பண்ணாங்க, ஊர் நடுவுல இருந்த மேம்பால ரோட்டை 2003ல இடிக்க ஆரம்பிச்சு, அதுக்குக் கீழ மூடிக் கெடந்த சோங்கேசோன் ஓடையை 2005ல திறந்து விட்டுட்டாங்க. ஊரே ஸ்தம்பிச்சிடும்னு பயந்தாங்க, ஸ்தம்பிக்கல. நடுவுல 2004ல பஸ் ரூட்டையெல்லாம் மொத்தமா மாத்தி அமைச்சாங்க பாருங்க, சூட்சுமம் அங்கதான் இருக்கு. பாலம் கட்டினா திறப்பு விழா நடத்தலாம், பஸ்ஸு விட்டா யாரும் ரிப்பன் வெட்டிப் படம் போட மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

உளுந்தூர்பேட்டை வாசகர்: எங்க ஊர்ப்பக்கம் பழைய ரோடு குண்டும் குழியுமா இருந்தப்போகூட இவ்வளவு சாவு இல்ல. நாலு வழிச்சாலை கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா மாசம் தவறாம உயிர் போகுது. ரோடு நல்லா இருந்தா ஆக்ஸிடென்ட் குறையணும்ல?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் முழுப் பக்கத்தையும் ரோட்டுக்கு ஒதுக்கினேன். குறையாது, ஏன்னா குண்டும் குழியுமான ரோடு உங்க வண்டியை 40ல பிடிச்சு வச்சிருந்துச்சு, நல்ல ரோடு 100க்கு விட்டுருச்சு. வேகம் ரெட்டிப்பானா மோதற சக்தி நாலு மடங்கு, இது பள்ளிக்கூடப் பாடம்தான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா சாவு விழற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட 2022 கணக்கைப் பாருங்க, நாட்டுல 1,68,491 பேர் ரோட்டுல செத்திருக்காங்க, அதுல 71 சதவீதத்துக்கும் மேல அதிவேகத்தால. நேஷனல் ஹைவே மொத்த ரோடு நீளத்துல சுமார் 2 சதவீதம்தான் வரும், சாவுல மூணுல ஒண்ணுக்கும் மேல அங்கதான். நம்ம தமிழ்நாடு விபத்து எண்ணிக்கைல முதல் இடம், 64,105, செத்தவங்க 17,884 பேர், அதாவது ஒரு நாளைக்கு 49 பேர். ஒரே நாள்ல ஒரே இடத்துல 49 பேர் போனா நாடே கொதிக்கும், தனித்தனியா போறதால மூணாம் பக்கத்துல ரெண்டு வரியோட முடிஞ்சிருது. 2020ல லாக்டவுன்னால ரோடு வெறிச்சோடிக் கெடந்துச்சுல்ல, விபத்து எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சுது, ஆனா 100 விபத்துக்கு சாகறவங்க சுமார் 34ல இருந்து 36 ஆயிருச்சு. காலி ரோட்டுல மெதுவா போக நமக்கு மனசு வராது.

டிரைவரை மட்டும் குத்தம் சொல்லவும் மாட்டேன். ஊரை ரெண்டா வெட்டிட்டு ரோடு போயிருச்சு, இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஸ்கூலும் ரேஷன் கடையும், சுரங்கப்பாதை எங்கயோ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அப்போ ஜனம் என்ன பண்ணும், சென்டர் மீடியனை உடைச்சு ஒரு கட்டிங் போடும், டிவிஎஸ் எக்ஸல்ல புல்லுக்கட்டு ஏத்திட்டு ராங் சைடுல வரும். அவருக்கு அரை கிலோமீட்டர் மிச்சம், உங்களுக்கு எதிர்ல திடீர்னு ஒரு மனுஷன். ஸ்வீடன்ல 1997ல ஒரு கொள்கையே கொண்டு வந்தாங்க, மனுஷன் தப்பு பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு அவன் உயிர் போகாத மாதிரி ரோட்டைக் கட்டறதுதான் எங்க வேலைன்னு. இங்க டோல் வாங்கறவங்க காதுல அதை யாராவது போட்டா தேவலை.

அப்புறம் விடிகாலை ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி. ஜன்னலைத் திறந்து விட்டாலும் தூக்கம் போகாது, பாட்டு சத்தமா வச்சாலும் போகாது. 90ல போகும்போது நாலே நாலு செகண்ட் கண்ணு சொக்கினா வண்டி 100 மீட்டர் போயிருக்கும், அந்த 100 மீட்டருக்குள்ள லைட்டும் போடாம, பின்னாடி ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல மண்ணு படிஞ்சு ஒரு லாரி நின்னா என்ன ஆகும்? கோயில், கல்யாணம்னு வேன்ல கிளம்பறவங்க, வண்டி ஓட்டறவர் முந்தின ராத்திரி தூங்கினாரான்னு கேக்கறதே இல்ல, டீசல் எவ்வளவுன்னு மட்டும் கேக்கறோம்.

சேலம் வாசகி: பையனுக்கு 16 வயசு, ட்யூஷனுக்குப் போக ஸ்கூட்டர் கேக்கறான். பக்கத்துத் தெருதான், கொடுக்கலாமா?

கூடாது. 16 வயசுக்கு 50 சிசிக்குள்ள இருக்கற கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் தருவாங்க, கடைல இப்போ விக்கற பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாம் 50 சிசிக்கு மேல. 2019ல திருத்தின சட்டப்படி, 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க வண்டி ஓட்டி மாட்டினா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷத்துக்கு கேன்சல், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸே கிடையாது. சைக்கிள் வாங்கிக் கொடுங்க, மூஞ்சியைத் தூக்கி வச்சிப்பான், ரெண்டு நாள்ல சரியாயிடும்.

மதுரை வாசகர்: ரெண்டு கிலோமீட்டர் போறதுக்கும் ஹெல்மெட் வேணுமா?

தார் ரோட்டுக்கு நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு தெரியாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா வாங்குங்க, தாடைக்குக் கீழ வாரை மாட்டுங்க, மாட்டாம போட்டா விழும்போது உங்களுக்கு முன்னாடி அது பறந்துரும். பின்னாடி உக்கார்ற அம்மாவுக்கும் சட்டம் ஒண்ணுதான், நாலு வயசுக்கு மேல இருக்கற குழந்தைக்கும்தான்.

திருச்சி வாசகர்: அடிபட்டுக் கெடக்கறவங்களைத் தூக்கிட்டுப் போனா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களேன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம், ஆனா பழைய பயம். 2016ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு வழிமுறையே கொடுத்துருச்சு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏன்னு தனிப் பிரிவே சேர்த்துட்டாங்க, உதவி பண்றவர் விருப்பமில்லேன்னா பேரு, அட்ரஸ்கூட சொல்லத் தேவையில்ல, ஆஸ்பத்திரியும் உங்களைப் பிடிச்சு வச்சுக்க முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கு, அதுல சேர்ந்திருக்கற ஆஸ்பத்திரிங்கள்ல முதல் 48 மணி நேரம் சிகிச்சைக்குக் காசு கிடையாது, அடிபட்டவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி. மொதல்ல 108க்குப் போன் போடுங்க. கழுத்தைப் பிடிச்சுத் தூக்கி உக்கார வச்சு வாயில சோடா ஊத்தற நம்ம பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க, முதுகெலும்புல அடின்னா அதுவே நிரந்தரமா முடக்கிப் போட்ரும்.

தஞ்சாவூர் வாசகர்: எதிர்ல ஹைபீம் போட்டுட்டு வர்றவனை என்ன பண்ணலாம்?

நாமளும் ஹைபீம் போட்டு பதிலடி கொடுக்காம இருக்கலாம், கண்ணு தெரியாத டிரைவர் ஒருத்தர் போதும். வேகத்தைக் குறைச்சு, ரோட்டோட இடது ஓரக் கோட்டைப் பாத்து ஓட்டுங்க.

ஈரோடு வாசகி: எங்க தெருவுல பசங்க வேகமா வர்றாங்கன்னு ஏரியாக்காரங்களே சிமென்ட்ல ஸ்பீடு பிரேக்கர் கட்டிட்டாங்க. மாமியாருக்கு முதுகுவலி. இது சரியா?

நோக்கம் சரி, கொத்து வேலைதான் தப்பு. ரோட்டுக்கு அளவு வகுக்கற அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் கணக்குப்படி 3.7 மீட்டர் அகலத்துல 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கணும், முன்கூட்டியே போர்டும் ராத்திரில தெரியற மாதிரி பெயின்ட்டும் இருக்கணும். நம்மாளுங்க கட்டறது ஒரு அடி அகலத்துல வாசப்படி, இருட்டுல புதுசா வர்ற பைக்காரர் அதுல ஏறினா அவரைத் தூக்க நீங்கதான் ஓடணும். மாநகராட்சில எழுதிக் கொடுத்து முறையா போடச் சொல்லுங்க, அவங்க வர்ற வரைக்கும் வெள்ளை பெயின்ட்டாவது இன்னைக்கே அடிங்க.