கால் ரத்த உறைவைச் சதைப்பிடிப்பு என்றார்கள்: வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பத்தாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. சதைப்பிடிப்பு என்று தைலம் கொடுத்து அனுப்பினார்கள். ஆறே நாளில் மூச்சுத்திணறல். உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: அம்மா பிழைத்தாரே, அதுவே பெரிது. நோயைத் தவறாகக் கணித்தார்கள் என்பது மட்டும் வழக்காகாது. கணிப்புப் பிழையாலேயே மருத்துவர் அலட்சியக்காரர் ஆகிவிடமாட்டார் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், மூட்டு மாற்றுக்குப் பின் காலில் ரத்தம் உறையலாம் என்பது மருத்துவர்கள் அறிந்த ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வந்தவருக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஏன் எழுதவில்லை? உங்கள் வழக்கின் உயிர் இந்தக் கேள்விதான். வீக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அன்றைய மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: சிகிச்சை விவரம் எழுதிய கேஸ் ஷீட்டை மருத்துவமனையில் தர மறுக்கிறார்கள்.

பதில்: வாயால் கேட்காதீர்கள்; எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

கேள்வி: எந்த மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொல்வார்?

பதில்: எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை. மலேரியாவுக்கு டைஃபாய்டு சிகிச்சை அளித்த கிஷன் ராவ் வழக்கில் 2010-இல் வந்த தீர்ப்பு அது. ஆனாலும் அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். உறைவைக் கண்டுபிடித்த இரண்டாவது மருத்துவமனையின் ஸ்கேன் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எங்களுக்கு நடந்தது அரசு மருத்துவமனையில்.

பதில்: எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, 1995-ஆம் ஆண்டு சாந்தா வழக்கின் தீர்ப்பு. உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் என் கணவர் இறந்து 22 மாதங்கள் ஆகின்றன. கையில் பணமில்லை.

பதில்: அம்மா, நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுகள்தான் கெடு. துக்கத்தில் நாள் போவது தெரியாது, எனக்குப் புரிகிறது. உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். மருத்துவமனைக்குச் செலுத்தியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். இந்த வாரமே போய்விடுங்கள்.