பொருளியல் எடுக்கட்டும், கணக்கை விடவேண்டாம்

அம்மா, உங்கள் மகள் பி.ஏ. பொருளியல் கேட்கிறாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் பி.காம்.தான் சொல்கிறார்கள் என்றீர்கள்.

பணத்தை முதலில் பேசிவிடலாம். கடலூர் தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால், கட்டணத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டியிருக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். நெல்லிக்குப்பத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் வந்தால் டிக்கெட்டும் இல்லை. இதே பட்டத்துக்குத் தனியார் கல்லூரியில் பெரிய தொகை கட்டுவதை நான் ஒப்பவே மாட்டேன்.

வேலை விஷயம் அவ்வளவு எளிதில்லை. பி.ஏ.வோடு நிறுத்தினால் பொருளியலுக்கென்று தனி வேலை அநேகமாகக் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கி கிளார்க், வங்கி அதிகாரி (பி.ஓ.) என்று எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய தேர்வுகளைத்தான் அவளும் எழுத வேண்டும். மூன்றாம் வருடம் முடிந்ததும் வீட்டுக்குச் சம்பளம் வந்தே ஆகவேண்டும் என்றால், பி.காம்.மும் டேலி என்ற கணக்கு மென்பொருள் பயிற்சியும் சரியான முடிவுதான். அதில் குறைவொன்றும் இல்லை.

இன்னும் இரண்டு வருடம் பொறுக்க முடியுமென்றால் கதை வேறு. எம்.ஏ. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறை அதிகாரி தேர்வும் இருக்கிறது. நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முயலலாம், பி.எட். சேர்த்தால் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியர். எம்.ஏ.வுக்காகத் தொலைதூரம் போகவும் வேண்டாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சேர க்யூட் பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

என் கவலை கணக்கைப் பற்றித்தான். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுக்காமல் கணினிப் பயன்பாடுகள் எடுத்திருக்கிறாள். பிளஸ் டூ பொருளியலைப் படித்துவிட்டு இது கதை மாதிரிப் போகும் என்று நம்பி வரும் பிள்ளைகள், எம்.ஏ.வில் வகை நுண்கணிதமும் பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பொருளாதார அளவியலும் வரும்போது திணறிப்போகிறார்கள். நான் மேலே சொன்ன பெரிய தேர்வுகளிலும் புள்ளியியல் தெரியாமல் கரையேற முடியாது. மத்திய அரசு வேலைகளுக்காக எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். என்ற பட்டதாரித் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் என்றொரு பணி உண்டு. பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் இல்லாதவர்கள், பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அவளுக்கு அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

அதனால் இந்த லீவிலேயே பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். தெருவில் கணக்கு டியூஷன் எடுப்பவர் யாராவது இருந்தால் தினமும் ஒரு மணி நேரம் அனுப்புங்கள். கவுன்சிலிங்குக்குப் போகும்போது அவளையே துறைத் தலைவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: "துணைப்பாடத்தில் புள்ளியியல் உண்டா சார், எந்த செமஸ்டரில்?"