பிரசவமாகி ஆறாம் நாள் தலைவலி: காலை வரை காத்திருக்க வேண்டாம்

தங்கைக்குப் பிரசவமாகி ஆறு நாள், விடாத தலைவலி, கண்முன் மின்னுகிறது, பிரஷர் 158/104, வீட்டில் தூக்கமில்லாததால் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

பிரசவத்தின்போது மரத்துப்போக முதுகில் போடும் ஊசியால் வரும் தலைவலி பெரும்பாலும் உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இவருக்குப் படுத்தாலும் குறையவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. கர்ப்பகால ரத்த அழுத்த நோய் குழந்தை பிறந்த பிறகும், ஆறு வாரம் வரைகூட வரலாம். அழுத்தம் ஏறும்போது மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து, பெரும்பாலும் பார்வைக்கான பின்பகுதியில் நீர் கோக்கும். மின்னுவது அதனால் இருக்கலாம். அடுத்தது வலிப்பு.

என் அக்காவுக்கு எட்டாம் நாள் வந்தது. குழந்தைதான் பிறந்துவிட்டதே என்று இருந்துவிட்டோம்; வலிப்பு வந்த பிறகுதான் ஓடினோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த ராத்திரி உங்களுக்கு வேண்டாம்.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வில் (2002) அது வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைத்தது.

அப்புறம், வாசலிலேயே முதல் வார்த்தையாக "பிரசவமாகி ஆறு நாள்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் தலைவலி என்று உட்கார வைத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.