நீரிழிவுப் பதிவேடு: இடைப்பட்ட அளவில் இருப்பவர்களை எங்கே சேர்ப்பது?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு குடும்ப மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நீரிழிவு உள்ளவர்களுக்கும் அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கும் தனித்தனிப் பதிவேடு தயார் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை வைத்துப் பிரித்தால் போதுமா?

பதில்: போதாது. சிங்கப்பூர் வழிகாட்டுதலின்படி எச்பிஏ1சி 7.0 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு, 6.0 வரை நீரிழிவு இல்லை. இடையில் 6.1 முதல் 6.9 வரை வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சர்க்கரையோ, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதோ தேவை. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 6.1–6.9 மில்லிமோல், அல்லது குளுக்கோஸுக்குப் பின் 7.8–11.0 மில்லிமோல் என்றால் முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 7.0, அல்லது குளுக்கோஸுக்குப் பின் 11.1 என்று எட்டிவிட்டால் நீரிழிவு வரம்பு. அதை உறுதி செய்வது டாக்டர்.

அதனால் 'உறுதியாகவில்லை' என்று மூன்றாவது பிரிவு கட்டாயம் வையுங்கள். எச்பிஏ1சி 6.6 வந்தவரை முந்தைய நிலையில் போட்டு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று விட்டால், ஏற்கெனவே நீரிழிவு வந்தவர் ஓராண்டு சிகிச்சையில்லாமல் இருந்துவிடக்கூடும். இந்தப் பிரிவில் இருப்பவர்களைத்தான் முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். குளுக்கோஸ் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்; தெரியாமல் வருபவர்கள் பாதியில் எழுந்து போகிறார்கள். ரத்தசோகை, தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம் என்பதால் அதையும் பெயருக்கு நேரே குறியுங்கள்.

பெயர்களைத் திரட்டும்போது நோய்க் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். ஆய்வக முடிவு வந்திருக்கும், குறியீடு போட்டிருக்க மாட்டார்கள். முடிவுகள், மருந்துச் சீட்டுகள் இரண்டிலும் தேடுங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர் எல்லாருக்கும் நீரிழிவு என்று கொள்ளக்கூடாது. முந்தைய நிலைக்கும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் அதைக் கொடுப்பதுண்டு. நம்மவர் பெயர்கள் தந்தை பெயர் முன்னும் பின்னுமாக இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கும். அடையாள அட்டை எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த பரிசோதனைத் தேதி இருக்க வேண்டும். முந்தைய நிலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை. நீரிழிவுக்கு எச்பிஏ1சி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கண், பாதம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், சிறுநீரகச் செயல்பாடு ஆகிய பரிசோதனைகள் ஆண்டுதோறும். கண் பரிசோதனைக்குக் கடிதம் கொடுத்த அன்றே 'முடிந்தது' என்று குறிப்பது பரவலான தவறு. அறிக்கை கைக்கு வந்த தேதியைத்தான் எழுத வேண்டும்.

எடை குறைந்து, மருந்தில்லாமலே சர்க்கரை இறங்கியவர் பெயரை நீக்காதீர்கள். 'தணிந்த நிலை' என்று மாற்றி எழுதுங்கள். அவருக்கும் கண், சிறுநீரகப் பரிசோதனை தொடர வேண்டும். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனை. அது சரியாக இருந்தாலும் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பில் இவர்களாக வருவது அரிது, நீங்கள்தான் அழைக்க வேண்டும்.