தாத்தாவின் பித்தளை மைக்கூடு

கேள்வி: எங்கள் தாத்தா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ரைட்டர். அவர் மேஜையில் இருந்த பித்தளை மைக்கூட்டு ஸ்டாண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு மைக்கூடு, நடுவில் பேனா வைக்கப் பள்ளம், அடியில் ‘ஆர்டி’ என்று ஆங்கில எழுத்தும் 356 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணும். கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பி கொண்டுவந்த காலத்துப் பொருள் என்கிறார் மாமா. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையில் காட்டினால் கிலோ கணக்கில் விலை சொல்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்து எடுத்துப்போனால் விலை கூடுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். பழைய பித்தளையின் மேல் படிந்திருக்கும் பழுப்பு ஏற பல வருஷம் ஆகும், ஒரு தேய்ப்பில் போய்விடும், அப்புறம் அதை வாங்குகிறவர் பழசு என்று எதை வைத்து நம்புவார்? ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், போதும்.

மாமா சொல்வது சரியில்லை. ஆர்டி எண் பிரிட்டனில் டிசைனைப் பதிவு செய்த எண், அந்த வரிசையே 1884இல்தான் தொடங்கியது. உங்கள் எண் 1900இல் விழுகிறது. அது டிசைன் பதிவான வருஷம்தான், அதே டிசைனில் பின்னாலும் செய்திருப்பார்கள். பழைய பொருளிலிருந்தே அச்சு எடுத்து வார்த்த நகல்களும் உண்டு, அவற்றில் எண்ணும் சேர்ந்தே வந்துவிடும், ஆனால் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கவிழ்த்து திருகாணியையும் பாருங்கள்: ஒற்றைக் கோடு என்றால் நல்லது. ஸ்டார் ஸ்க்ரூ 1930களுக்குப் பிறகு வந்தது, அது இருந்தால் பிற்காலத்துப் பொருள், இல்லையென்றால் யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். தேய்மானம் தாத்தாவின் விரல் பட்ட இடத்தில், மூடியின் முன்விளிம்பில், பேனா உரசிய பள்ளத்தில் இருக்க வேண்டும். எங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கடைக்காரர் உலோகத்துக்கு விலை சொன்னார், அவர் தொழில் அது. அந்த விலைக்குத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். தாத்தாவின் எஸ்டேட் கணக்கு நோட்டோ, அந்த மேஜையோடு எடுத்த போட்டோவோ இருந்தால் சேர்த்து வையுங்கள், பழம்பொருள் சேகரிப்பவர் அதற்கும் மதிப்புக் கொடுப்பார். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை 1972ஆம் வருஷச் சட்டப்படி நாம் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதனால் இங்கேயே ஆள் பாருங்கள்.

மைக்கூட்டுக்குள் கண்ணாடிக் கிண்ணம் இரண்டும் இருக்கின்றனவா? எழுதவில்லையே. இல்லையென்றால் தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் தேடிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.